ஒன்பது நாக்குகள்

பச்சை வாழைக்காய் வாங்க வருபவள் யோகாஸ்டா.
எங்களுக்கு அது பிரட்டல் கறி,
அவளுக்கு அவித்து மசித்து
வெங்காயம் தூவிய காலைச் சாப்பாடு.
சூரிச் லாங்ஸ்ட்ராஸவில் என் கடை.
மரவள்ளி எந்த ஊர்க்காரருக்கும் ஒரே விலை.

செவ்வாய்க்கிழமை, காய்களோடு
ஒரு தாளையும் தராசில் வைத்தாள்.
முழுக்க ஸ்பானிஷ்.
அடியில் கத்தரித்துவிட்ட ஒன்பது நாக்குகள்,
ஒவ்வொன்றிலும் அதே தொலைபேசி எண்.

என்ன இது?
தன் விரல்நுனியைக் கிள்ளிக் காட்டினாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த ஜெர்மனில் சொன்னாள்:
எச்.ஐ.வி. ஒரு சொட்டு இரத்தம். இருபது நிமிஷம்.
பேர் கேட்கமாட்டார்கள், விசா கேட்கமாட்டார்கள்.
இருந்தால் மருந்து இருக்கிறது.
ஒழுங்காய் எடுத்து, இரத்தத்தில் கிருமி தென்படாமலே இருந்தால்
படுக்கையில் யாருக்கும் தொற்றாது.
இல்லையென்றால், வராமல் தடுக்க ஆணுறை; மாத்திரையும் உண்டு.
எங்கட சனம் கூச்சப்படுது, என்றாள்.

நான் கூச்சப்படவில்லை.
தமிழருக்கு விளங்காது என்ற தைரியத்தில்
மரவள்ளிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன்.

புதன்கிழமை இரண்டு நாக்குகள் போயின:
எதிர்க்கடையில் முடிவெட்டும் பொடியன்,
பிறகு தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி.
வியாழன் ஒன்று.

வெள்ளி, மழை.
ஸ்பானிஷ்காரர் ஒருவரும் வரவில்லை.
வந்ததெல்லாம் நம்மாட்கள்தான்,
கோயிலுக்குக் கற்பூரம், முருங்கைக்காய்,
கடனுக்கு ஒரு பெட்டி இறால்.
இரவு ஷட்டரை இறக்கும்முன் எண்ணிப் பார்த்தேன்.
ஆறு இருக்கவேண்டும்.
ஐந்து.

ஸ்பானிஷ் தெரியாத யாரோ
எண்ணை மட்டும் வாசித்திருக்கிறார்.

முகங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தேன்.
முருங்கைக்காய் வாங்கிய வாத்தியாரில் வந்து நின்றது மனம்.
சீ, என்று விளக்கை அணைத்தேன்.

ஆனாலும் நித்திரை வரவில்லை.
எப்படித் தெரிந்தது அவருக்கு,
அந்தத் தாள் எதைப் பற்றியதென்று?
சிவப்பு நாடாவின் படம் போதுமாயிருந்ததா?
இந்நேரம் எங்காவது ஒரு குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு
எண்ணை அழுத்தியிருப்பார்.
மறுமுனையில் யாரோ அன்பாகத்தான் கேட்டிருப்பார்கள்,
ஸ்பானிஷில்.
அவர் வைத்திருப்பார்.

சனிக்கிழமை யோகாஸ்டாவை மறித்தேன்.
திங்கள் பின்னேரங்களில் அங்கே
தமிழ் பேசும் தாதி ஒருத்தி இருக்கிறாளாம்.
எனக்கு இதுவரை ஏன் சொல்லவில்லை?
நீ கேட்கவில்லை, என்றாள்.

பழைய ரசீதின் முதுகில் எழுதத் தொடங்கினேன்.
சோதனை.
வெட்டினேன்.
அது கடவுள் தருவது; பெருமூச்சோடு சொல்வது.
முன்னால் இரண்டு எழுத்துச் சேர்த்தேன்,
பரிவில் இருக்கும் அதே இரண்டெழுத்து:
பரிசோதனை.

மீன் வெட்டும் கத்தரிக்கோலால்
யோகாஸ்டா நாக்குகளை வெட்டித் தந்தாள்.
கோணல்மாணலாய் ஒன்பது.
ஒட்டியவுடன் முதலாவதைக் கிழித்து
மேற்சட்டைப் பையில் போட்டேன்.
அவர் திரும்பி வந்தால் தெரியட்டும்,
தனக்கு முன்னால் ஒரு ஆள் எடுத்திருக்கிறதென்று.

அதற்காக மட்டும்தானா என்று
யோகாஸ்டா கேட்கவில்லை.
மூன்று கிலோ, என்றாள். காயாய்ப் பார்த்துப் போடு.