எட்டு ரூபாய் ஐம்பத்தேழு பைசா

ஆடிட் முடிந்த வெள்ளிக்கிழமை
தில்லைநாயகம் சார் சொன்னார்:
"டிபன் பாக்ஸை இன்னிக்கு யாரும் திறக்காதீங்க."
என் டப்பாவில் வஞ்சிரக் குழம்பு.
மூடியை இன்னொரு முறை அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

தண்டையார்பேட்டையில், மெயின் ரோட்டிலேயே,
போன வருஷம் வரை வெல்டிங் பட்டறையாக இருந்த இடம்.
இப்போது பச்சை, வெள்ளை, சிவப்பு அடித்து
பலகையில் கடைசி எழுத்து மட்டும் எரியாமல்
இத்தாலி.
டிரெய்லர் போகும்போதெல்லாம்
மேஜை மேல் மிளகாய்த்தூள் புட்டி
அரை அங்குலம் நகர்ந்து கொடுத்தது.

சுவரில் சாய்ந்த கோபுரத்தின் படம்.
யார்டு சூப்பர்வைசர் சுப்பாராயுடு
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
"நம்ம யார்டுல பாக்ஸை இப்படி அடுக்குனா
அன்னிக்கே மெமோ."

கோட்டீஸ்வரி முள்கரண்டியால் குத்தித் தூக்க
சீஸ் நீண்டது, நீண்டது,
அவள் எழுந்து நின்றும் அறவில்லை.
"கையாலயே துன்னுமே, இன்னா இப்போ"
என்று அடைக்கலராஜ் சொன்ன பிறகுதான்
எங்கள் எல்லோருக்கும் பசி வந்தது.
ஷெரின் ஒதுக்கிய ஓரங்களை
அவரே எடுத்து, டீயில் பொறையைத் தோய்ப்பதுபோல்
சிவப்பு சாஸில் தோய்த்துத் தின்றார்.

ஃபோர்க்லிஃப்ட் நூருதீன் ஜும்மாவுக்குப் போயிருந்தார்.
இரண்டு பெரிய பீட்சா, பதினாறு துண்டு, ஏழு பேர்.
அவருக்கு இரண்டை எடுத்து வைத்து
மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தோம்.
அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட.
பதினைந்தாவதை சார் எடுத்தார்.
பதினாறாவதை,
எல்லோரும் கோட்டீஸ்வரியின் மகன் மார்க்கைக் கேட்டுக்கொண்டிருந்தபோது,
நான்.

அவர் வந்தார். சட்டைக் காலரில் அத்தர்.
ஆறிப்போய் அட்டையாகியிருந்ததை
மெதுவாக மென்று, நல்லாருக்கு என்றார்.
பெரிய தட்டுகளில் எண்ணெயோடு
வெட்டுத்தடங்கள் அப்படியே இருந்தன.
பார்த்தாரா, தெரியாது.
நாளெல்லாம் கண்டெய்னர் எண்ணுகிற கண்.

பில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
"கம்பெனி ஆயிரத்தைந்நூறு வரைக்கும்தான் தரும்"
என்று சார் தன் செருப்பிடம் சொன்னார்.
மீதியை ஏழால் வகுத்தது போன்.
தலைக்குத் தொண்ணூற்றொன்று, நாற்பத்து மூன்று பைசா.
வரிசையாக டிங், டிங் என்று
ஒவ்வொருவரும் கடன் தீர்த்தோம்.

நூருதீனிடம் பட்டன் போன்.
உள்பாக்கெட்டிலிருந்து நூறு ரூபாய் வந்தது,
எட்டாக மடித்து, கிரீஸ் மணத்தோடு.
அன்றைய கூலியில் ஆறில் ஒரு பங்கு.
சார் அவருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டு
நோட்டை வாங்கிக்கொண்டார்.
"சில்லறை இல்லையேப்பா. யார்கிட்டயாவது இருக்கா?"
ஆறு பேரும் தேடினோம்.
ஆறு பேரிடமும் போன்தான் இருந்தது.
"பரவால்ல சார், அப்புறம் குடுங்க," என்றார் நூருதீன்.
"எட்டு ரூபா ஐம்பத்தேழு பைசா."

சிரித்தோம்.
அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
பைசா வரை எப்படிக் கணக்குப் போட்டாரென்று
லிஃப்டில் ஷெரின் வியந்தாள்.

வஞ்சிரக் குழம்பு கெடவில்லை.
சாயங்காலம் அதையும் தின்றேன்.

திங்கட்கிழமை கேட் பாஸோடு வந்தவரின் முன்
பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தேன்.
"சார் குடுத்தாரு," என்றேன். பொய்.
பையைத் துழாவி ஒரு ரூபாய் எடுத்து
என் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.
"நாப்பத்து மூணு காசு நான் தரணும், மேடம்."

பதினாறாவது துண்டைப் பற்றிச் சொல்ல
வாயைத் திறந்தேன்.
"இங்க ஒரு சீல் விட்டுப் போச்சு," என்றார்,
காகிதத்தில் விரலை வைத்து.
குத்திக் கொடுத்தேன்.