இரண்டரை விரல்

கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பதினேழு என்று
எழுதிக்கொண்டிருந்தேன்.
மூட்டை இறக்கியவர் கேட்டார்:
"எத்தனாவது மாசம், தையல்நாயகி?"

பிள்ளைக்குப் பதினாலு மாதம்.
சிரித்தேன்.
சிரித்தால் நனையும்,
பாதியில் நிறுத்தினேன்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
மல்லாக்கப் படுத்துத்
தலையை மட்டும் தூக்கச் சொன்னார்கள்.
தொப்புளுக்கு மேலே
ஒரு வரப்பு எழுந்தது.
பிசியோதெரபி பெண் அதன் நடுவே
விரல்களை இறக்கினாள்:
"இரண்டரை."

கொழுப்பென்று நினைத்து
ஒரு வருஷம்
ராத்திரிச் சோற்றை விட்டிருந்தேன்.

இப்போது ஒருக்களித்துத்தான் எழுகிறேன்.
தராசில் சிப்பம் ஏறும்போதெல்லாம்
மூச்சை வெளியே விட்டு
வயிற்றை உள்ளே இழுக்கிறேன்,
யாருக்கும் தெரியாது.

நேற்று நானே அளந்தேன்.
இரண்டு.
எந்தப் பதிவேட்டில் எழுத?

நெல் தூசியில் தும்மல் வந்தது.
காலை இடுக்காமல்
முழுசாகத் தும்மினேன்.
கொஞ்சம் நனைந்தது.
கொஞ்சம்தான்.