இன்னுமா?

காலை ஒன்பது, இரவு ஒன்பது.
கைப்பேசி அலறும்.
உறையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தத்துக்கு
பக்கத்து வீட்டுப் பூனை எட்டிப் பார்க்கும்,
தின்ன ஏதோ எடுக்கிறேன் என்று.

என் வலது அடிவயிற்றில் ஒருவர் குடியிருக்கிறார்.
பெயர் தெரியாது. சொல்லவும் மாட்டார்கள்.
ஒட்டன்சத்திரம் பக்கம், பைக், இருபத்தாறு வயசு.
லிஃப்டில் இரண்டு நர்ஸுகள் பேசியது
காதில் விழுந்த அளவுதான் எங்களுக்குள் பழக்கம்.
விழுங்கும்போது மட்டும் சொல்வேன்: இருங்க.

உடம்புக்குள் ஒரு காவல்காரன் உண்டு.
அந்நியரைக் கண்டால் அடித்துத் துரத்துவான்.
அவனைத் தூங்கவைக்கத்தான் இந்த ஒன்பது மணி.
அவன் விழித்தால் குடியிருப்பவர் போய்விடுவார்.
தூங்கினாலோ
யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.
எனக்கு இது பழைய கதை.
ஊருக்குத்தான் அந்த மார்ச்சில் புதிது.

வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் கயிறு கட்டினார்கள்.
இ-பாஸ் இல்லையா, வண்டியைத் திருப்பு.
ஏரிப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டார்கள்.
கொள் வாங்கக் காசில்லாமல் அவிழ்த்துவிட்ட சவாரிக் குதிரைகள்
பழக்க தோஷத்தில் ஏரியையே சுற்றின
முதுகில் யாருமில்லாமல்.
சாக்லேட் கடை வாசலில் காட்டுமாடு படுத்து அசைபோட்டது.
எல்லாம் சவரிராஜ் சொன்னது.
நான் பார்த்த கொடைக்கானல்
இரண்டடிக்கு மூன்றடி, நாயுடுபுரத்தில்.

அவன் மின்வாரியம். மரம் விழுந்தால் கம்பம் ஏறியாகணும்.
அவனை யாரும் வீட்டில் இரு என்று சொல்லவில்லை.
விறகு அறையைக் கூட்டிப் பாய் போட்டுக்கொண்டான்.
தட்டு வேறு, துண்டு வேறு.
கல்யாணமான புதிதில்கூட
இவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை அவன்,
இப்படிக் கண்ணாடி வழியாக.

மூச்சு படிந்த கண்ணாடியில் விரலால் எழுதுவேன்:
புளி. பல்பு. தேங்காய் எண்ணெய்.
வெளியே நிற்பவனுக்கு எழுத்தெல்லாம் முதுகு காட்டும்,
ப ஒன்றைத் தவிர.
பருப்பு கேட்ட அன்று பால் பாக்கெட் நாலு வந்தது.
போனில் சொல்லியிருக்கலாம்.
போனில் சொன்னால் ஜன்னலுக்கு வரமாட்டான்.

மாத்திரை மதுரையிலிருந்து வரவேண்டும். பஸ் இல்லை.
கேரட்டை இறக்கிவிட்டுக் காலியாக ஏறும் லாரியில்
சன்னாசி கொண்டுவந்தார்,
வத்தலக்குண்டில் கைமாற்றி,
சாமி படத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவே சொருகி.
படியில் வைத்தார். கேட்டுக்கு வெளியே போய் நின்று கத்தினார்,
"எண்ணிப் பாருங்கம்மா, அறுபது!"
தெருவே கேட்க எண்ணினேன்.
அறுபது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.
அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன.
ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக
ஊரே என்னைப்போல் கை கழுவியது.
லிஃப்டைக் கண்டு, இருமலைக் கண்டு, சில்லறையைக் கண்டு
எல்லோரும் பயந்தார்கள்.
என் பயத்துக்கு ஆள்துணை கிடைத்தது.

பிறகு கயிற்றை அவிழ்த்தார்கள்.
முதல் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே ஏறியது,
பின்னாலேயே நானூறு.
மிளகாய் பஜ்ஜி, தும்மல், தோளில் கைபோட்டுப் படம்.
குதிரைகளின் முதுகில் பிள்ளைகள்.
குதிரைக்காரர்கள் பிழைத்தார்கள். சந்தோஷம்தான், நிஜமாக.
மேட்டுத்தெரு லூர்து டீச்சர்
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, கேட்டில் சாய்ந்து கேட்டார்:
"இன்னுமா?"

இன்னும்தான் டீச்சர்.
ஊசி போட்டாலும் எனக்குப் பாதிதான் பிடிக்குமாம்.
தூங்குகிற காவல்காரனுக்குப் பாடம் நடத்தினால்
எவ்வளவு ஏறும்?
நீங்கள் வகுப்பெடுத்தவர், உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கு மழை. எங்கோ சீகை மரம் சாய்ந்து
மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை.
கைப்பேசி செத்துக் கிடந்தது.
கண்ணாடியில் டார்ச் வெளிச்சம்.
நனைந்த கோட்டோடு வெளியே நின்று
பனியில் விரலால் எழுதுகிறான்,
எனக்கு நேராகத் தெரிய, எழுத்துகளைத் திருப்பிப் போட்டு.
எங்கே பழகினானோ, கம்பத்து மேலா.
மணி 9.
ஒன்பதை மட்டும் திருப்ப மறந்துவிட்டான்.

பிதுக்கினேன்.
இருட்டில் இரண்டு பச்சைக் கண்கள்.
பூனைக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை.