எலுமிச்சை, வாழைப்பழம்

பெருந்துறை ரோட்டில்
மெடிக்கலுக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவே
மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்கேன் சென்டர்.
பதினெட்டுப் படி. லிஃப்ட் இல்லை.
ஏழு வருசமாக ஏறுகிறேன்.
ஒவ்வொரு படியிலும் காலிப்பர்
நான் வருவதைச் சொல்லிவிடும்.

டாக்டரம்மா சொல்லச் சொல்ல
அடிப்பது என் வேலை.
தலைச் சுற்றளவு. தொடை எலும்பு.
பனிக்குட நீர் போதுமானது.
விரல்கள் என்னைக் கேட்பதேயில்லை.

இன்றைக்குப் பதினோரு மணிவாக்கில்
உள்ளே குரல் கொஞ்சம் தாழ்ந்தது.
மண்டையோடு, எலுமிச்சை வடிவம்.
சிறுமூளை, வாழைப்பழம்போல் வளைந்து.
தாம்பாளத்தில் வைக்கிற சாமானை
யார் இதற்குப் பெயராக வைத்தார்களோ.
அடுத்த வரி வருமுன்பே
அந்த முதுகை எனக்குத் தெரிந்துவிட்டது.
என் முதுகு.

கோகிலவாணி, இருபத்தாறு, அரச்சலூர்.
இருபது வாரம் இரண்டு நாள்.
மஞ்சள் மண்டியிலிருந்து நேராக வந்திருந்த புருசனுக்கு
நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
"ஏனுங், அந்த மாதிரிக் கொழந்தைன்னா
எப்புடீங் இருக்கும்?"
என்னிடம்தான் கேட்டான்.
மேசைக்கு மேலே நான்
எல்லாரையும்போலத்தான் இருப்பேன்.

எனக்குப் பின்னால் காலண்டரில்
நீலக்கண் குழந்தை ஒன்று சிரிக்கிறது,
ஈரோடு ஜில்லாவில் யாரும் பெற்றிராதது.
அதன் பக்கத்தில் பலகை:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று
இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம்.
அது சுவரேறுவதற்குள்
எத்தனை பேர் வராமலே போனார்கள் என்று
இந்தச் சீமைக்குத் தெரியும்.
என் மாதிரி ஆட்களுக்குப் பலகை கிடையாது.
வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.
ஒருத்தி வயிற்றின்மேல்
இன்னும் எத்தனைதான் மாட்டுவது.

பிரிண்டர் எதிர் மூலையில்.
எழுந்து நடந்தேன்.
அவன் சட்டென்று தரையைப் பார்த்தான்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வலிக்குங்களா?"

நாலு ஆபரேசன்.
மூணு மணிக்கொரு தரம் குழாய் வைத்து மூத்திரம்.
ஒன்பதாவதில் நாற்றமென்று தனி பெஞ்சு,
அதில் உட்கார்ந்து ஜன்னல் வழியே
மொத்த பஸ் ஸ்டாண்டையும் பார்த்தது.
சூளையிலிருந்து ஒருத்தர்
தினமும் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்கிறார்.
அதை எந்தக் கட்டத்தில் அடிப்பது?
இதில் எதைச் சொன்னால்
அவளைத் தள்ளிவிட்டதாகும்,
எதை விட்டால் பொய்யாகும்?

"படி ஏறுனா வலிக்குங்" என்றேன்.
"கட்டுனவங்களத்தான் கேக்கோணும்."

அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன்,
முன்பே தெரிந்திருந்தால்
என்னைப் பெற்றிருப்பாயா என்று.
"அப்ப ஸ்கேன் ஏது கண்ணு."
அது பதில் இல்லையென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
அன்றைக்கு அரிசிம்பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

கடைசி வரி எல்லா ரிப்போர்ட்டுக்கும் ஒன்றுதான்:
மேல் ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.
கோயமுத்தூரில் பெரிய டாக்டர் இருப்பார்,
கையெழுத்துப் போட இன்னொருவர் இருப்பார்.
படியேறி மூச்சு வாங்கினவள் யாரும்
அந்த அறையில் இருக்கமாட்டாள்.

கவருக்குள் வைக்குமுன்
பின்பக்கம் என் நம்பரை எழுதினேன்.
பென்சிலில்தான்.
வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளட்டும்.
அவள் கவரை வாங்கி
முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்,
வெயில் படாமல் எதையோ கொண்டுபோகிறவள்போல.

ரொம்ப நேரம் கழித்துக்
கீழே இளநீர் சீவும் சத்தம்.
யார் குடிக்கிறார்கள் என்று பார்க்க
ஜன்னல்வரை நடக்கவேண்டும்.
அதற்குள் பதினாலாம் டோக்கன்
எழுந்து வந்து
மேசையைத் தட்டினாள்.