வாளையார், இரவுப்பணி

இரவு இரண்டே கால்.
இடது கடைவாயில் ஞானப்பல் முளைக்கிறது எனக்கு,
இடமில்லாமல் பக்கத்துப் பல்லை இடித்துக்கொண்டு.
கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கியபடி
தடுப்புக் கம்பியை இறக்கினேன்.

ஒரு மினி லாரி. கோவையிலிருந்து சித்தூர்க் கல்லூரிக்காம்.
வைக்கோல் திணித்த மரப்பெட்டிகள்.
பில்லில் ஒற்றை வரி: மண்டை, தாடை, முதுகு, கை. மாதிரி.
"யாரோடது?"
டிரைவர் சடையப்பன் காதைச் சொறிந்தார்.
"குரங்குன்னாங்க மேடம்.
ஆளுன்னும் சொன்னாங்க."

வனத்துறைக்கு அது போதாது.
மான்கொம்பு, கரடி நகம், யானைத் தந்தம்
இவற்றைப் பிடிக்கத்தானே இந்தச் சாவடி.
திறக்கச் சொன்னேன்.

முதலில் சிவாலிக் மலைக்காரன்.
முட்டை வடிவக் கண்குழிகள், நெருங்கி.
தடித்த எனாமல்; கொட்டை கடித்த பல்லாக இருக்கும்.
கூடவே ஒரு சீட்டு, நுணுக்கிய கையெழுத்தில்:
உடைந்த தாடைத் துண்டுகளை மனித வளைவில் பொருத்திப் பார்த்து
நம் மூதாதை என்று இருபது வருஷம் பாடம் நடத்தினார்களாம்.
அப்புறம் முகம் அகப்பட்டது.
ஒராங்குட்டான் வழிப் பங்காளி.
கொடுத்த பதவி உயர்வைத் திரும்பப் பிடுங்குவது
எங்கள் துறையில் மட்டும்தான் என்றிருந்தேன்.

அடுத்தது வெறும் கீழ்த்தாடை.
சடையப்பன் இரு கையாலும் தூக்கினார்.
இந்த ராட்சதனுக்குத் தாடைகளும் பற்களும்தான் சாட்சி,
ஒரு தொடையெலும்பு கிடைக்கவில்லை,
எப்படி நடந்தான், எவ்வளவு உயரம், எல்லாம் ஊகம்.
கடைசிப் பல்லுக்குப் பின்னால் என் கட்டைவிரலை வைத்தேன்.
தாராளமாக இருந்தது.
என் வாயில் கிராம்புக்கே இடமில்லை.

முதுகெலும்பு ஒன்று, வால் இல்லாமல் முடிந்தது.
ஆறு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்த என் நுனியெலும்பு
அதைப் பார்த்ததும் வலித்தது.

கடைசிப் பெட்டியில் சின்ன மண்டை.
கவிழ்த்தேன்.
தண்டுவடம் நுழையும் ஓட்டை
பின்னால் இல்லை, அடியில்.
நிமிர்ந்து நடந்தவள்.
மூளைக்கு ஒரு பெரிய ஆரஞ்சளவு இடம்.
விரல்கள் மட்டும் இன்னும் வளைந்திருந்தன.
கால் தரைக்கு வந்துவிட்டது,
கை மரத்திடம் ராஜினாமா எழுதவில்லை.

பதிவேட்டில் கட்டம் மூன்று:
காட்டு விலங்கு. வீட்டு விலங்கு. மற்றவை.
எந்தக் கல்லோடு தமிழ்நாடு முடிகிறதென்று எனக்குத் தெரியும்,
பத்தடி தள்ளி மைல்கல் மலையாளம் பேசும்.
அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு இந்தப் பெட்டிகளுக்கு நடுவே
எங்கே நிற்பது?

தண்டவாளத்தின் பக்கம் ரயில் விட்டுவிட்டு ஊதியது.
யானை கடக்கிறது போல.
நாங்கள் மூன்று பேரும் காது கொடுத்தோம்:
நான், சடையப்பன், மூடாத பெட்டியில் அவள்.

"என்ன மேடம், எழுதியாச்சா?"
பிளாஸ்டர், முப்பத்துநாலு கிலோ என்று எழுதி
கம்பியை உயர்த்தினேன்.

விடியும்போது மேஜைக்கடியில் தட்டுப்பட்டது
ஒரு விரல் துண்டு, வளைந்தது.
சாயங்காலம் கல்லூரிக்குப் போன் செய்ய வேண்டும்.
அதுவரை பதிவேட்டின் மேல் இருக்கட்டும்.
ஒவ்வொரு லாரி போகும்போதும் காகிதம் துடிக்கிறது,
அது விடாமல் பிடித்துக்கொள்கிறது.