செவ்வாய், வியாழன், சனி

சாலைக்கு அந்தப் பக்கம்
மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
குணாளனின் இரத்தம்
குழாய் வழியே வெளியே போய்த் திரும்பிவர
நாலு மணி நேரம்.
இந்தப் பக்கம்
செகாம்புட் பூங்காவில் நான்.

பூங்கா என்று சொல்வது பலகை மட்டும்தான்.
மூன்று பெஞ்சு, ஒரு சறுக்குமரம்,
ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல்,
வெறுங்காலோடு நடக்கக் கூழாங்கல் பதித்த பாதை.
பகல் ஒரு மணிக்கு அதில்
அப்பளம் சுடலாம்.

தூங்குமூஞ்சி மரத்து நிழல்
பதினொன்றுக்கு முதல் பெஞ்சில் இருக்கும்.
பன்னிரண்டரைக்குச் சாக்கடை மூடிமேல்.
இரண்டுக்கு
மூன்றாவது பெஞ்சில் பாதி,
யாரோ விட்டுப்போன தள்ளுவண்டியில் பாதி.
அதன் பின்னாலேயே நானும் நகர்வேன்
பையை இழுத்துக்கொண்டு.

இலை கூட்டும் ஜசிமுடினுக்கும் எனக்கும்
பொதுவான ஒரே சொல் ‘பானாஸ்’.
நெற்றியைத் துடைத்தபடி
அதையே சொல்லிக்கொள்வோம்,
இன்றைக்குத்தான் வெயில் வந்ததுபோல.

அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
ரசம், கஞ்சி, மாத்திரைக்கு ஒரு மடக்கு
எல்லாம் அதில் கணக்கு.
வீட்டில் நான்
பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குள் ஒளித்து
ஒரு டம்ளர் குடிப்பேன்.
ஐஸ்பெட்டிக் கதவைத் திருடி மாதிரி மூடுவேன்.
இங்கேதான்
என் தொண்டை சத்தம் போடலாம்.

வேலிக்கு வெளியே ரொஸ்னா அக்காவின் வண்டி.
பிளாஸ்டிக் பையில் ரப்பர் சுருக்குப் போட்டு
கரும்புச்சாறு. சில நாள் சிராப். பார்லி.
பல் கூசும்வரை உறிஞ்சி
பையின் மூலையில் மிஞ்சியதையும் விடமாட்டேன்.
பிறகு வாயைத் துடைத்து
ஒரு பெப்பர்மிண்ட்.

போன சனிக்கிழமை
இறங்கி வந்தவர் நேரே காருக்குப் போகவில்லை.
கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகச்
சாலையைக் கடந்து
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
நிழலிருந்த பாதியை அவருக்கு விட்டு
வெயிலுக்கு நகர்ந்தேன்.

கொஞ்ச நேரம் மைனாக்களைப் பார்த்தார்.
அப்புறம், என்னைப் பார்க்காமலே,
“இன்னிக்கு என்ன, கரும்பா?”

உறிஞ்சுகுழல்
என் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
எத்தனை நாளாகவோ.

“கரும்பு.”
“எலுமிச்சை பிழிஞ்சாங்களா?”
“பிழிஞ்சாங்க.”
“ஐஸ்?”
“நிறைய.”

கண்ணை மூடிக்கொண்டார்.
தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

“மொத வாயிலருந்து,” என்றார்,
“மெதுவாச் சொல்லு.”