மண்டோரடிச்ச பையன்

லாபிஸ் போலீஸ் பாலாய்க்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
பாரம் நிரப்ப ஒரு வெள்ளி,
மலாயில் எழுதித் தர மூன்று.
வியாபாரம் படுத்துவிடும் மத்தியானங்களில்
கிளிங்கன் படிக்கிறேன்.
சிரிக்க வேண்டாம். இந்தச் செம்பனைக்காட்டோரம்
அதைப் பேச எனக்கு ஆளில்லை,
அதனால் சண்டையும் இல்லை.

அங்கே அடி வாங்கியவர் முதலில் வருவார்,
அடித்தவர் கடைசியில்.
மண்டோர், அடித்த, பையன்
என்று அடுக்கினால்
கை ஓங்கியவன் பையன்.
அதே வரிசையைத் தமிழில் வைத்துப் பாருங்கள்,
மண்டோர்.

இன்னொன்று. அந்தத் தொடர்
பையனைச் சுட்டுகிறதா மண்டோரையா
என்பதும் அங்கே கலங்கல்தான்.
தெளிய வேண்டுமென்றால் ஒரு விகுதி உண்டு,
நம் ஏகாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல,
தொண்டையை அடைத்துத் திறக்கும் ஓர் எ.
யார்மேல் ஒட்டுகிறதோ
பேச்சு அவரைப் பற்றி.

அங்கம்மாவிடம் அந்த விகுதி இல்லை.
ஈராயிரத்து ஒன்பது, தீபாவளிக்கு முந்திய வாரம்,
தகரக் கூரையில் மழை,
பல்வலியில் வீங்கிய கன்னம்.
யாரைப் பார்த்தாய் என்றார் சார்ஜன் ரோஸ்லான்,
நான் தமிழாக்கினேன்.
“மண்டோரடிச்ச பையன” என்றாள்.

மண்டோர் அடிச்சவா,
மண்டோர அடிச்சவா?
ஓர் அகரத்தைச் சந்தி விழுங்கியிருந்தது.
திருப்பிக் கேட்டேன்.
அதையே சொன்னாள், இன்னும் சத்தமாக.

பெஞ்சில் யோகேந்திரன், பதினாறு வயது,
உதடு கிழிந்து.
மண்டோருக்கு நெற்றியில் ஏழு தையல்.
இரண்டும் எனக்கு உதவவில்லை.
மலாய்க்கு முன்னொட்டு வேண்டும்:
மெமுக்குல் என்றால் அடித்தான்,
டிபுக்குல் என்றால் அடிபட்டான்.
சார்ஜனின் விரல் விசைப்பலகைக்கு மேலே.
“மெ? டி?”

டி என்றேன்.
இலக்கணம் பார்த்துச் சொல்லவில்லை.
அவனுக்கு ஒரு காலில்தான் செருப்பிருந்தது.

இப்போது செம்பனை லோரி ஓட்டுகிறான்.
லைசென்ஸ் நகலெடுக்க வருவான்,
சில்லறையைச் சரியாக எண்ணி வைப்பான்.
அங்கம்மா இறந்து போனாள்.
மண்டோர் கூலாயில், மகள் வீட்டில்.
நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை.
பெயரெச்சம் என்று எவ்வளவு சாதாரணமாகப்
பள்ளியில் எழுதிவிட்டு வந்தோம்.

நேற்று அவன் படி இறங்கும்போது
அந்த விகுதியை முதுகுக்குப் பின்னால்
சொல்லிப் பார்த்தேன்.
பையன்மேல் ஒருமுறை,
மண்டோர்மேல் ஒருமுறை.

“என்னக்கா?” என்று திரும்பினான்.
இருமல் என்றேன்.